ஆறாவது பாட்டு

லெம்வி, 9 பிப்ரவரி 1993

விபெக்கெ,

நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன். சட்டம் படிக்கிறவள் நீ என்பதால் முதலில் உன்னிடமே ஒப்புக்கொள்கிறேன். உன் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேன்.

காய்ச்சல் என்று மூன்று நாளாக வீட்டில் இருக்கிறேன். நேற்று தபால் வந்தபோது அப்பா யாருக்கோ கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தார். அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குப் போயிருந்தாள். பெரிய, தடித்த உறை. மூலையில் ஹோல்ஸ்டெப்ரோ ஊர் வக்கீல் அலுவலகத்தின் பெயர். உனக்கு வேலை கிடைத்ததற்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. பிரித்துப் படித்து உன்னை முதலில் வாழ்த்துவது நானாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

"தங்கள் விண்ணப்பத்தை ஆர்வத்துடன் வாசித்தோம். வருந்துகிறோம்" என்று இருந்தது. உள்ளே உன் மதிப்பெண் பட்டியல், உன் புகைப்படம், எல்லாம் திரும்பி வந்திருந்தன.

எனக்குப் புரியவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் பௌல் சித்தப்பா கேட்டபோது, கோபன்ஹேகனில் பெரிய அலுவலகத்தில் ஆகஸ்டிலிருந்து ஜூனியராகச் சேர்கிறேன் என்று நீதானே சொன்னாய்? அப்பா இரண்டாவது பாட்டிலைக்கூடத் திறந்தாரே. வேலை கிடைத்தவள் ஏன் ஜனவரியில் ஹோல்ஸ்டெப்ரோவுக்கு எழுத வேண்டும்?

உறையை என் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். போர்வைக்குள் சைக்கிள் விளக்கை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பா அம்மா படுத்திருப்பது சுவருக்கு அந்தப் பக்கம்தான். போனில் பேச முடியாது. போன் அப்பாவின் மேசைமேல் இருக்கிறது, மணி அடித்தால் "தோல்ஸ்ட்ரூப் டிரைவிங் ஸ்கூல்" என்று அவர்தான் எடுப்பார். என் தோழி ட்ரீனெ வீட்டு முகவரிக்கு எழுது. அவளிடம் உனக்கு ரகசியக் காதலன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னைச் சிறையில் போடுவார்களா?

சன்னெ


கோபன்ஹேகன், 13 பிப்ரவரி 1993

சன்னெ,

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது குற்றம்தான். தண்டனைச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் உனக்குப் பதினாலு வயதுகூட முடியவில்லை, உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. என்னைத்தான் செய்வார்கள்.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. எனக்கு வேலை இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

டிசம்பரில் இங்கே ஒரு பெரிய அலுவலகத்தில் நேர்காணல் நடந்தது. பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையில் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். நான் என்ன சொன்னாலும் "பிரமாதம்" என்றார். "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். கார் ஓட்டக் கற்றுத்தருகிறார் என்றேன். "அடடா, அருமை! அப்போ உங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும்" என்று சிரித்தார். வெளியே வரும்போது அவரே என் கோட்டை எடுத்துக் கொடுத்து, "சீக்கிரமே பார்ப்போம்" என்றார்.

நம் ஊரில் அப்பா யாரையாவது "மோசமில்லை" என்று சொன்னால் அந்த ஆள் ஒரு வாரம் தூங்கமாட்டான். அந்த ஊரில் வளர்ந்தவளிடம் ஒருவர் அரைமணி நேரத்தில் ஆறு முறை "பிரமாதம்" என்றால் அவள் என்ன நினைப்பாள்? வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் கையெழுத்துதான் பாக்கி என்று நினைத்தேன். பௌல் சித்தப்பா, "என்னம்மா, சட்டம் படிச்சு கடைசில ரொட்டிக் கடையிலதானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டதும் வாய் திறந்துவிட்டது. ஜனவரி நாலாம் தேதி தடித்த உறை வந்தது.

தெரிந்துகொள்: தடித்த உறை என்றால் இல்லை என்று பொருள். நாம் அனுப்பிய காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காகிதங்களை அவர்களே வைத்துக்கொண்டு வரச் சொன்னால் உறை மெல்லிசாக இருக்கும் என்கிறார்கள். நான் மெல்லிசான உறையைப் பார்த்தது, டிசம்பர் நேர்காணலுக்குக் கூப்பிட்ட அந்த ஒரு முறைதான்.

இதுவரை நாற்பத்தொன்று எழுதியிருக்கிறேன். இங்கே உள்ளவர்கள், "படிக்கும்போதே வக்கீல் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தீர்களா?" என்கிறார்கள். நாலு வருடம் காலை ஐந்து மணிக்கு ரொட்டிக் கடையில் நின்றேன், வாடகை கட்ட வேண்டுமே. இப்போது உதவியாளராகச் சேர்கிறேன் என்றால், "கடைசி வருடத்துக்காரி வேண்டாம், இரண்டாம் வருடம் படிக்கிறவர்தான் வேண்டும்" என்கிறார்கள். நம் ஜுட்லாந்து பக்கம் எழுதினால், "கோபன்ஹேகன்காரி, இரண்டு வருடத்தில் ஓடிவிடுவாள்" என்று நினைக்கிறார்கள். அதனால்தான் அங்கே எழுதும் கடிதங்களில் நம் வீட்டு முகவரியைப் போட்டேன். அதுவும் எடுபடவில்லை.

ஜூன் மாதத்துக்குள் எங்காவது ஓர் இடம் கிடைத்துவிடும். கிடைத்தால் நான் சொன்னது பொய்யாகாது, ஊர்ப்பெயர் மட்டும்தான் மாறும். அதுவரை வாயைத் திறக்காதே. உறையை எரித்துவிடு. புகைப்படத்தை மட்டும் வைத்திரு, ஒரு பிரதி எடுக்க நிறைய ஆகிறது.

விபெக்கெ


லெம்வி, 1 மார்ச் 1993

விபெக்கெ,

உறையை எரிக்கவில்லை. எரித்தால் வாசனை வரும், அம்மா கேட்பாள்.

இங்கே நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது. அப்பாவை உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குப் பாடம், எட்டுப் பேரும் அவர் பக்கத்தில் முக்கால் மணி நேரம் ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். "இடது பக்கம் திரும்பு. என் மூத்த பொண்ணு தலைநகர்ல வக்கீலாகப் போறா. கண்ணாடியைப் பாரு." இப்படி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக் கடைக்காரிகூட என்னைப் பார்த்து, "உங்க அக்காவுக்கு இனிமே நம்ம பன்னெல்லாம் இறங்குமா?" என்கிறாள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மே இரண்டாம் தேதி தேவாலயத்தில், சபை முன்னால் என் திடப்படுத்தல், பிறகு விருந்து. அப்பா பாட்டு எழுதிவிட்டார். எட்டுப் பாட்டு. ஊர் மண்டபத்தில் அறுபத்திரண்டு பேர் தட்டில் தாளை வைத்துக்கொண்டு ஒன்றாகப் பாடப்போகிறார்கள். நான் பிறந்தது, நான் தண்ணீரில் விழுந்தது, எனக்குப் பல்கம்பி போட்டது எல்லாம் இருக்கிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆறாவது பாட்டு உன்னைப் பற்றியது. அப்படியே எழுதுகிறேன்:

மூத்த பெண்ணைக் கேளுங்கள், முடித்துவிட்டாள் சட்டம்,
முதல் கடிதம் போட்டதுமே முடிந்துவிட்டது திட்டம்;
கோபன்ஹேகன் வக்கீலெல்லாம் கூப்பிட்டார்கள் ஓடி,
கியர் மாற்றக் கற்றதெல்லாம் எங்கள் காரில் கூடி!

சாப்பாட்டு மேசையில் பாடிக் காட்டினார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா, "பொறாமைப்படாதே, மத்த ஏழு பாட்டும் உன்னைப் பத்தித்தானே" என்றாள்.

உனக்கு முன்னால், ஓவெர்பி வக்கீலும் பாதிரியாரும் இருக்கும்போது, அறுபத்திரண்டு பேர் இதைப் பாடுவார்கள். நீ எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பாய்? நான் எந்த முகத்தோடு? பாதிரியார் வகுப்பில் நேற்றுதான் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையை நடத்தினார். அவர் என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

ஏதாவது கிடைத்ததா?

சன்னெ


கோபன்ஹேகன், 9 மார்ச் 1993

சன்னெ,

எதுவும் கிடைக்கவில்லை.

வேலைவாய்ப்பு ஆலோசகர் ஒருத்தி, கடிதம் போடுவதற்கு முன் போன் செய்து அறிவார்ந்த ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள். அப்போதுதான் பெயர் நினைவில் நிற்குமாம். எங்கள் விடுதியில் ஒரு நடைக்கு ஒரே போன், சமையலறை வாசலில். பின்னால் ஒருவன் ஈரல் பேஸ்ட்டை ரொட்டியில் தடவிக்கொண்டே, "இன்னும் எவ்வளவு நேரம்? எங்கம்மாவுக்குப் பிறந்தநாள்" என்று நிற்கிறான். நான் நாணயத்தைப் போட்டு, குரலைத் திருத்திக்கொண்டு, "உங்கள் அலுவலகத்தில் ஜூனியர்கள் எந்த அளவுக்குத் தாங்களே வழக்குகளைக் கையாளுகிறார்கள்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் பெருமூச்சு.

"நூத்தி நாப்பது பேர் மனு போட்டிருக்காங்க. அதுல தொண்ணூறு பேர் போன் பண்ணிட்டாங்க. தொண்ணூறு பேரும் இதே கேள்வியைத்தான் கேட்டாங்க. உங்களுக்கெல்லாம் ஒரே ஆள்தான் சொல்லித் தர்றாரா?"

ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். மூன்று நாளில் தடித்த உறை.

என் சராசரி எட்டு. அவர்களுக்கு ஒன்பது வேண்டும். ஒன்பது இருக்கிறவனுக்கு அப்பாவும் வக்கீல். என் வகுப்பில் ஒருவன் ஒரே ஒரு கடிதம் போட்டான், அதுவும் தன் ஞானத்தந்தைக்கு. இப்போது எனக்கு அறிவுரை சொல்கிறான், "நீ ரொம்ப அடக்கமா எழுதற விபெக்கெ, உன்னையே கொஞ்சம் வித்துக்கணும்." நம் வீட்டில் யாராவது தன்னைத்தானே புகழ்ந்திருந்தால் அன்று இரவு சாப்பாடு கிடைத்திருக்குமா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஜனவரியில் ஓவெர்பிக்கும் எழுதினேன். ஆமாம், நம் ஊர் ஓவெர்பிக்குத்தான். துறைமுகத் தெருவில் இருக்கிற அந்த மூன்றறை அலுவலகம். தகராறு என்றால் வேலித் தகராறு, இல்லையென்றால் உயில். வருடக்கணக்காக அங்கிருந்து ஓட நினைத்தவள் அங்கேயே கை நீட்டினேன். அந்த மனிதர் இல்லை என்றுகூடப் பதில் போடவில்லை! பெயர் தெரியாதவர்கள்கூட வருந்துகிறார்கள். என்னைக் குழந்தையாகப் பார்த்தவர் வருந்தவும் இல்லை.

அவருக்கு மட்டும் நான் போன் செய்யவில்லை. செய்தால் எல்ஸெபெத் எடுப்பாள். அவள் அங்கே தட்டச்சு வேலை முடித்து மாலையில் அம்மாவோடு பின்னல் வகுப்புக்குப் போகிறவள்.

பாட்டைப் பற்றி: அப்பாவிடம் ஏதாவது சொல்லி அந்த ஒரு பாட்டை எடுக்கச் செய். சபையில் உன்னைப் பற்றி மட்டும் பாடினால் போதும் என்று அழு. உனக்கு அழ வரும்.

விபெக்கெ


லெம்வி, 2 ஏப்ரல் 1993

விபெக்கெ,

அழுதேன். அப்பா தலையைத் தடவி, ஒன்பதாவது பாட்டாக என்னைப் பற்றி இன்னொன்று எழுதிச் சேர்த்துவிட்டார். ஆறாவது அப்படியே இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதைப் படித்து என்னைத் திட்டாதே. திட்டினாலும் ட்ரீனெ முகவரிக்கே திட்டு.

நேற்று மதியம் அப்பா பாட்டுத் தாளை என்னிடம் கொடுத்து, ஓவெர்பி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். எல்ஸெபெத் அதைத் தட்டச்சு செய்து, அங்கேயே பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாளாம். வழியெல்லாம் தாளைக் கடலில் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்தாள். பல்கம்பிக்குச் சிரித்தாள். ஆறாவதில் நின்றுவிட்டாள். நான், "இதை மட்டும் விட்டுட முடியுமா? தப்பா விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

"ஏன்?"

நான் எதுவும் சொல்லவில்லை, சத்தியம். ஆனால் முகம் சிவந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, ஒரு கோப்பிலிருந்து உன் கடிதத்தை எடுத்தாள். உன் புகைப்படத்தோடு.

"ஜனவரி பதினாலுல வந்தது. அவர் படிச்சுட்டு, 'எட்டுன்னா என்ன, நம்ம ஏகொன் பொண்ணு, ஜனங்களோட பேசத் தெரியும், கூப்பிடு'ன்னாரு. மறுநாள் காலைல உங்க அப்பா அவர் பையனைப் பாடத்துக்குக் கூட்டிட்டுப் போக வந்தாரு. வாசல்ல நின்னு அரைமணி நேரம் கோபன்ஹேகன் புராணம். அவர் உள்ள வந்து, 'விடு எல்ஸெபெத், அவளுக்குப் பெரிய இடம் கிடைச்சாச்சு. இது ஒரு பிடிமானத்துக்குப் போட்ட கடிதம் போல. இப்ப பதில் எழுதினா அவளுக்குத்தான் சங்கடம்'னு சொல்லிட்டாரு."

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப ஆரூஸ்லேருந்து ஒரு பையனை எடுத்தாச்சு. மார்ச் அஞ்சாம் தேதி கையெழுத்துப் போட்டான். எனக்கு அன்னைக்கே உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு இருந்தது. அடுத்த வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். என்னைச் சொல்லணும்."

அவள் பாட்டைத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும் என்றாள். அது உங்கள் அப்பா எழுதியது, அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள்.

விபெக்கெ, உனக்கு வேலை கிடைத்திருக்கும். நம் ஊரிலேயே கிடைத்திருக்கும். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் எனக்குப் பயமாக இருந்தது, சொல்லவும் பயமாக இருக்கிறது.

சன்னெ


கோபன்ஹேகன், 6 ஏப்ரல் 1993

சன்னெ,

வாயைத் திறக்காதே என்றேன். ஒரே ஒரு காரியம்தான் கேட்டேன்.

முகம்தான் சிவந்தது, நான் பேசவில்லை என்பதெல்லாம் என்ன வாதம்? இப்போது எல்ஸெபெத்துக்குத் தெரியும். ஓவெர்பிக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? ஆரூஸ் பையனுக்கும் சொல்லியிருப்பாளே, சிரிக்க.

அப்பாவுக்கு வாசலில் நின்று பேசாவிட்டால் சோறு இறங்காது. ஓவெர்பிக்குப் போனில் எட்டு எண்களைச் சுழற்றி என்னைக் கேட்கத் தெரியவில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், ஒருவரும் ஒருவரையும் கேட்க மாட்டார்கள், அதற்கு மரியாதை என்று பெயர் வேறு. நானும் அதே மண்தானே, அத்தனை அந்நியர்களுக்குப் போன் செய்தவள் அந்த ஒரு மனிதருக்குச் செய்யவில்லை.

இன்று காலை கடையில் ஒரு தட்டு பன்னைக் கீழே போட்டேன். நாலு வருடத்தில் முதல் முறை.

மே இரண்டாம் தேதிக்கு நான் வரவில்லை. தேர்வு என்று அம்மாவுக்கு எழுதிவிடுகிறேன். நான் இல்லாவிட்டால் அவர்கள் தாராளமாகப் பாடட்டும். நீயும் இனி எனக்கு எழுதாதே. உன் கடிதம் வந்தால்கூட உறையின் தடிமனைத்தான் முதலில் அமுக்கிப் பார்க்கிறேன்.

வி.


லெம்வி, 20 ஏப்ரல் 1993

விபெக்கெ,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். மெல்லிசாகத்தான் எழுதுகிறேன், ஒரே தாள்.

பாட்டுத் தாள்கள் வந்துவிட்டன. அறுபத்திரண்டு. வெளிர்நீலத் தாள், மேலே கொடி. உன் பழைய உறைக்குப் பக்கத்தில் என் அலமாரியில் இருக்கின்றன. ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கிறேன். எடுத்துக் கிழித்துவிட எனக்குத் தைரியம் இல்லை. அப்பாவிடம் சொல்லவும் தைரியம் இல்லை. இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லை" என்று திரும்பிவிட்டேன்.

உன் கடிதம் அம்மாவுக்கு வந்தது. "தேர்வு முக்கியம்தான்" என்றாள். பிறகு இருக்கைப் படத்தை எடுத்து உன் பெயரை ரப்பரால் அழித்தாள். அழித்த இடத்தில் யாரையும் எழுதவில்லை. என் வலது பக்கம் காலி நாற்காலி ஒன்று இருக்கிறது. அப்பா அதை எடுக்க விடவில்லை. "படிப்பு முடிச்சு ராத்திரி ரயில்ல வந்தாலும் வருவா. வக்கீலுங்க கடைசி நிமிஷத்துலதான் வருவாங்க" என்கிறார்.

உன்னைப் பற்றிய பொய்யை நான் தனியாக, வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அன்றைக்குக் காலையில்தான் சபையின் முன்னால் "ஆம்" என்று சொல்லியிருப்பேன்.

இது என் நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சன்னெ


கோபன்ஹேகன், 27 ஏப்ரல் 1993

சன்னெ,

சனிக்கிழமை காலை ரயில். ரயிலைக் கடல் கடத்தும் கப்பலிலும் இடம் போட்டாகிவிட்டது. நாலே முக்காலுக்கு லெம்வி நிலையம்.

தாள்களைக் கிழிக்காதே. யாரிடமும் எதுவும் சொல்லாதே. அது என் வேலை.

போன கடிதத்தை எரித்துவிடு. அதற்கு வாசனை வந்தாலும் பரவாயில்லை.

விபெக்கெ


கோபன்ஹேகன், 5 மே 1993

சன்னெ,

இந்தக் கடிதத்தை நம் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். ட்ரீனெயிடம் காதலனோடு முறிந்துவிட்டது என்று சொல்லிவிடு.

நீ ஐந்தாவது பாட்டிலேயே எழுந்து சமையலறைக்கு ஓடிவிட்டாய். பிறகு திங்கட்கிழமை உன் வகுப்போடு ஊர் சுற்றப் போய்விட்டாய், நான் ரயிலைப் பிடித்துவிட்டேன். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நிலையத்துக்கு அப்பா பாடம் நடத்தும் காரில்தான் வந்திருந்தார். "நீ ஓட்டு, அந்த ஊர்ல சைக்கிள் மிதிச்சு மிதிச்சுக் கை மறந்திருக்கும்" என்று சாவியைக் கொடுத்தார். நேராக வீட்டுக்கு விடவில்லை, கடல் பக்கச் சாலையில் போகச் சொன்னார். நான் மூன்றாவது கியரில் இருந்தேன். "அப்பா, எனக்கு வேலை கிடைக்கலை. கிறிஸ்துமஸ்லயும் கிடைச்சிருக்கலை" என்றேன்.

அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார்.

சாலை நடுவில் நின்றோம். பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது. டிராக்டர்காரனும் அவரிடம் கற்றவன்தான், அதனால் உடனே நிறுத்திவிட்டான். அப்பா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருக்கு எழுதின?"

"அறுபத்தேழு."

"ஓவெர்பிக்கு?"

சொன்னேன். ஓவெர்பி கோபன்ஹேகன் புராணத்தை எந்த வாசலில் கேட்டார் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். கோபத்தில் சொன்னேன், சன்னெ, அவருக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். வலித்தது. அவர் கை தொடைமேல் இருந்தது, அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு, "கண்ணாடியைப் பாரு. சிக்னல் போடு. எடு" என்றார். வீடு வரும்வரை அவ்வளவுதான்.

அன்று இரவு உனக்குக் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டிருக்குமே? அது எலி இல்லை. அவர் சமையல் மேசையில் உட்கார்ந்து, மண்டபத்துக்குக் கொண்டுபோக என்று உன்னிடம் வாங்கிய அறுபத்திரண்டு தாளிலும் தடித்த கறுப்புப் பேனாவால் ஆறாவது பாட்டை அடித்துக்கொண்டிருந்தார். நான் உதவுகிறேன் என்றேன். "போய்ப் படு" என்றார்.

மண்டபத்தில் ஐந்தாவது முடிந்ததும் எல்லோரும் தடுமாறினார்கள். பாதிப் பேர் ஏழாவதை எடுத்தார்கள், மீதிப் பேர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடித்ததற்குக் கீழே என்ன இருக்கிறது என்று படிக்கப் பார்த்தார்கள். பௌல் சித்தப்பா கத்தினார், "ஏகொன்! ஆறாவது எங்க? தணிக்கையா? அசிங்கமா ஏதாவது எழுதிட்டியா?"

சிரிப்பு. அப்பா எழுந்து கத்தியால் கண்ணாடி டம்ளரைத் தட்டினார். அவர் காது சிவந்திருந்தது.

"ஆறாவது பாட்டு பொய். எழுதினது நான், அதனால பொய்யும் என்னோடது. விசாரிக்காம எழுதிட்டேன், விசாரிக்காம ஊரெல்லாம் சொல்லிட்டேன். விபெக்கெவுக்கு வேலை கிடைக்கலை. அறுபத்தேழு கடிதம் போட்டிருக்கா. அறுபத்தெட்டாவதும் போடுவா." தாளைக் கையில் எடுத்தார். "மோசமில்லை. ஏழாவது."

ஏழாவதைப் பாடினார்கள். ஓவெர்பி தலையைத் தூக்கவே இல்லை, தட்டில் இருந்த உருளைக்கிழங்கை இருபது துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார். எல்ஸெபெத் மட்டும் என்னைப் பார்த்துப் பாடினாள், உரக்க, சுருதி இல்லாமல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அவர் என் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அது என்னுடையது, நானே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். இரவு கப்பல் தளத்தில் நின்று அந்தப் பேச்சைப் பத்து முறை பேசிப் பார்த்தேன், பத்து முறையும் நன்றாக வந்தது. இங்கே திரும்பினால் கதவுக்குக் கீழே இரண்டு தடித்த உறைகள். ஜூனில் படிப்பு முடிகிறது. ஆகஸ்டில் ஆரூஸ் பையன் என் நாற்காலியில் உட்காருவான். எனக்கு ரொட்டிக் கடைதான் இருக்கிறது.

உன் வெள்ளை உடுப்பு அழகாக இருந்தது. அதைச் சொல்லவே இல்லை நான்.

விபெக்கெ


லெம்வி, 19 மே 1993

விபெக்கெ,

இதைப் பகலில், சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரில் அப்பா காபி குடித்துக்கொண்டிருக்கிறார், என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. அடிக்கடி கழுத்தை மட்டும் நீட்டுகிறார்.

அவர் இப்போது பாடத்தில் என்ன சொல்கிறார் தெரியுமா? ட்ரீனெயின் அண்ணன் சொன்னான். "இடது பக்கம் திரும்பு. என் மூத்த பொண்ணுக்கு வேலை கிடைக்கலை, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கண்ணாடியைப் பாரு." எட்டுப் பேரிடமும் சொல்கிறாராம். ஊர் முழுக்கச் சொல்லி முடிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும் போல. ஓவெர்பியின் மகனைக் கூட்டிவர மட்டும் இப்போது வாசலில் இறங்குவதில்லை. ஹாரன் அடிக்கிறார்.

நீ மண்டபத்தில் எழுந்து பேசவில்லை என்று வருத்தப்பட்டாய். நான் சமையலறையில் அப்பத்தட்டுகளுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். நம் இருவரில் நீதான் தைரியசாலி.

இன்று சனிக்கிழமை இல்லை, ஆனாலும் நான் வீட்டில் இருக்கிறேன், ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம். அதனால் தபாலை நானே எடுத்தேன். உனக்கு ஒன்று வந்திருக்கிறது. மூலையில் திஸ்டெட் ஊர் வக்கீல் அலுவலகத்தின் பெயர் இருக்கிறது. நீ மார்ச்சில் எழுதியதாக இருக்கும்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அம்மா மாவு நிறுக்கும் தராசில் வைத்தார். முள் பதினெட்டு கிராமில் நின்றது. அலமாரியில் நான் ஒளித்து வைத்திருந்த பழைய உறையைப் பற்றிச் சொன்னேன், அதையும் கொண்டுவரச் சொல்லி வைத்தார். நூற்றுப் பத்து.

"மெல்லிசா இருந்தா நல்லதுன்னு சொன்னாளா?"

"சொல்லிக்கிறாங்கன்னு சொன்னா."

"சில பேர் காகிதத்தைத் திருப்பாமலே இல்லைன்னு எழுதுவாங்களோ?"

எனக்குத் தெரியாது என்றேன். நீராவிக் கெட்டில் அடுப்பில்தான் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர்தான் முதலில் பார்வையைத் திருப்பினார்.

"அனுப்பிடு. அடுத்தவங்க கடிதத்தைப் பிரிக்கக் கூடாது."

இந்த உறைக்குள் அதை வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. உன் புகைப்படத்தையும் வைத்திருக்கிறேன், அறுபத்தெட்டாவதுக்குத் தேவைப்பட்டால்.

படித்ததும் போன் செய். மாலை ஆறு மணிக்குச் செய். அப்பா இந்த வாரம் ஆறு மணிப் பாடங்களை ரத்து செய்துவிட்டார், ஆனால் போனை அவர் எடுக்க மாட்டார். மேசைமேலிருந்து எடுத்து இப்போதே என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார்.

சன்னெ